தாவூதின் நெஞ்சில் தண்ணீர்ச் சத்தம்

காரைக்கால்

அன்புள்ள நானாவுக்கு உங்கள் தங்கை ஜஸீலா சலாம் சொல்லி எழுதுவது.

போனில் பேசினால் உங்கள் மச்சான் தாவூத் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் இன்று ஷார்ஜாவுக்குக் கிளம்பும் நாகூர் மீரானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுப் பதறாதீர்கள். பதறாமலும் இருந்துவிடாதீர்கள்.

நெஞ்செரிச்சலுக்காக அவருக்கு ஆபரேஷன் செய்தது நினைவிருக்கும். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தார்கள். பல வருஷம் சுகமாகத்தான் இருந்தார். இந்த ரமலானின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள், நோன்பு திறந்து கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்திருந்தார். அவர் நெஞ்சில் தலை வைத்த என் மகள் நஜீபா, "அத்தாவுக்குள்ள யாரோ துணி அலசுறாங்க" என்றாள். அதட்டினேன். பிறகு நானே காதை வைத்தேன். நெஞ்சு அடிக்கும்போதெல்லாம் சளக், சளக் என்று தண்ணீர் புரண்டது. 

பகலில் சத்தமே இல்லை. நோன்பு காப்பாற்றுகிறது என்றார் மாமி. நானும் நம்பினேன். பெருநாள் பிரியாணிக்குப் பிறகோ எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கே கேட்டது. "மோட்டார நிறுத்தலியா?" என்று கேட்டார் ஒருவர். மோட்டார் ஓடவில்லை. மறுநாளே இவர் பெருநாளுக்குப் பிறகு வைக்கும் ஆறு நாள் நோன்பைத் தொடங்கினார். அது முடிந்தும் விடவில்லை. இப்போது பொழுது சாய்ந்தால் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான்.

இவருக்குக் காய்ச்சல் வந்ததைச் சாக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார், துடைத்து மறுபடி வைத்தார். ஸ்கேன் பார்த்த பிறகு சொன்னார்: தைத்த இடத்தில் புண் வந்து, இதயத்தைச் சுற்றியுள்ள உறை வரை ஓட்டை விழுந்துவிட்டதாம். காற்றும் தண்ணீரும் அங்கே புகுந்து, அதற்குள்தான் இதயம் துடிக்கிறதாம். எங்கோ ஒருவருக்கு வருவதாம். அன்றே புதுச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். இவர் தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். "பட்டினியா இருந்தா சத்தம் இல்ல பாரு, ஆறிக்கிட்டு வருது" என்கிறார். சிரிக்கிறார் வேறு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நேற்று அந்தப் பழத்தையும் தொடவில்லை. நான் காதை வைத்தேன். சளக் என்றது. அவர் சட்டென்று கண்ணை மூடித் தூங்குவதுபோல் கிடந்தார். அவருக்கும் கேட்டுவிட்டது, நானா.

நான் சொன்னால் பொம்பளைப் பயம் என்பார். உங்கள் பேச்சை மட்டும்தான் தட்டமாட்டார். இன்றே கூப்பிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வையுங்கள். கையோடு டிக்கெட்டும் போடுங்கள். அல்லாஹ் உங்கள் பயணத்தை லேசாக்கித் தரட்டும். கடைசியாக முகம் பார்க்க வரும்படி ஆக்கிவிடாதீர்கள், நானா. அவர் பேசும்போதே வந்துவிடுங்கள்.

துஆவுடன்,
ஜஸீலா