ஒட்டிய இரண்டு விரல்கள்

பிப்ரவரி 10, செவ்வாய். ராஜபாளையம்.

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். உறுதியானது: பேத்தியின் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் தோலால் மட்டும் ஒட்டியிருக்கின்றன. எலும்பு தனித்தனி. சொன்னவர்: மதுரை டாக்டர், எக்ஸ்ரே பார்த்து, நேற்று மாலை. ஒரு வயதுக்குப் பிறகு பிரித்துவிடலாம். வேறு குறை இல்லை.

கேட்டும் மகள் செல்விக்கு முகம் தெளியவில்லை. பிள்ளைக்கு நாற்பது நாள். வியாழன் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமியார் வீட்டில் கொண்டுவிட வேண்டும். ஆவணிக் கிரகணத்தன்று இரவு இவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தாளாம். அதனால் விரல் ஒட்டியது என்கிறார் மாமியார். செல்வியும் நம்புகிறாள். எனக்குத் தாங்கவில்லை.

மாமியார் கெட்டவர் இல்லை. போனில் மெதுவாகத்தான் சொன்னார். “நானாவா சொல்லுதேன் அண்ணாச்சி? நீங்கதான பேப்பர்ல போட்டிய.”

போட்டேன். கோயில் நடை சாத்தும் நேரம், கீழே ‘கர்ப்பிணிகள் வெட்டவோ தைக்கவோ கூடாது என்பது ஐதீகம்’. ஒவ்வொரு கிரகணத்துக்கும் பழைய செய்தியில் தேதியை மட்டும் மாற்றுவேன். இருபத்தெட்டு வருடமாகச் செய்தியாளன். இதைச் சொன்னது யார் என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் கேட்டதில்லை.

பிப்ரவரி 11, புதன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு. பிள்ளைக்கு எண்ணெய். பிறகு கல்லூரி விலங்கியல் பேராசிரியை ஜெயராணியின் ஆய்வகம். வரிசையாகப் புட்டிகள், அடியில் ரவையும் வெல்லமும் காய்ச்சி ஊற்றிய கூழ், லேசான புளிப்பு வாடை. உள்ளே பழ ஈக்கள். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அதே.

மயக்கிய ஈ ஒன்றை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். தலையில் உணர்கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால். மூட்டோடு, முழுசாக. எங்கே எது வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுவில் ஒரு மாற்றம்.

“காலு நல்ல காலுதான் சார். இடம்தான் மாறிப்போச்சு.”

அந்த வகை மரபணுக்கள் நமக்கும் உண்டாம். பேத்திக்கு எது மாறியது? சோதிக்காமல் சொல்ல மாட்டேன் என்றார். கருவில் விரல்கள் பிரிவது எப்போது? இரண்டாம் மாத முடிவுக்குள். இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டேன். கிரகணத்தன்று செல்விக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது கைவிரலோ கால்விரலோ ஒட்டியிருக்கிறதா? இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது பார்த்தேன். என் வலது காலில் இரண்டாம், மூன்றாம் விரல்கள் பாதி வரை ஒட்டியவை. ஐம்பத்தெட்டு வருடமாகப் பார்க்கிற கால். செல்வியும் பார்த்ததுதான். குறை என்று நினைக்காததால் நினைவுக்கே வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன். ஸ்ரீவில்லிபுத்தூர்.

செல்வியையும் பிள்ளையையும் மாமியார் வீட்டில் கொண்டுவிட்டேன். முதலில் மாதக் கணக்கைச் சொன்னேன். சம்பந்தி மதினி கேட்டுக்கொண்டார், ஏற்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி வலது காலை நீட்டினேன். கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தார்.

“உங்கம்மா எந்தக் கிரகணத்துல எதைத் தைச்சாவளோ அண்ணாச்சி.”

சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார். நானும். செல்வி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். புதிதாகப் பார்ப்பது போல அந்த விரல்களைத் தடவினாள்.

“வலிச்சிருக்காப்பா?”

“ஒருநாளும் இல்ல தாயி.”

மதினி பிள்ளையை வாங்கி, அந்தக் கையை விரித்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மதியம் செல்வி இரண்டாம் தடவை சோறு கேட்டாள்.

பிப்ரவரி 13, வெள்ளி.

மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தாயிற்று: பிள்ளை, செல்வி, நான். பிள்ளை வீரிட்டது. என் கண்தான் கலங்கியது என்கிறார் மருமகன். மறுக்கவில்லை.

மார்ச் 3 கிரகணத்துக்கான செய்தியை அனுப்பினேன். நடை சாத்தும் நேரம் மட்டும். கூடவே, முன்பு எழுதியதற்கு ஒரு திருத்தம். “வழக்கமான வரியக் காணோமேண்ணே” என்றார் ஆசிரியர். திருத்தம் போடுவாரா என்பது திங்கள் தெரியும்.

பரிசோதனை முடிவு மார்ச் 6. மாற்றம் என் வழியாக வந்ததா என்று தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். முடிவு இன்னபடி வர வேண்டும் என்று செய்தியாளன் ஆசைப்படக் கூடாது.

இருந்தும், அந்த மாற்றம் என்னுடையதாக இருக்கட்டும். இன்னும் மூன்று வாரம்.