மாரென் பார்த்த இடம்

செப்டம்பர் 8, ஞாயிறு

சோளக்கதிர் இன்னும் காயவில்லை. நான் வேலை பார்க்கும் தானியக் கிடங்குக்கு அறுவடை வண்டிகள் வர இன்னும் பத்து நாளாவது ஆகும். அந்தத் தைரியத்தில் டெனிஸுக்குப் போன் செய்து, மகள் மாரெனின் பள்ளி இறுதியாண்டுப் படத்தை நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆண்டு மலரில் அச்சாகும் படம். கூடத்துச் சுவரிலும், சொந்தக்காரர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுகளிலும் இன்னும் இருபது வருடம் இருக்கப்போகிற படம். இந்த ஊரில் யாரும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

டெனிஸ் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் 11-க்கு ஸ்டுடியோவில் சொல்லி வைத்திருக்கிறாளாம், அதை இப்போதைக்கு ரத்து செய்யப்போவதில்லையாம். முன்னாள் மனைவிக்கு என்னைத் தெரியாதா என்ன. ஆனால் மாரெனைக் கேட்டதற்கு, "அப்பா எடுக்கட்டும்" என்றாளாம். இரண்டே வார்த்தை. நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கேமரா வாங்கி ஒன்றரை வருடம். இதுவரை எடுத்தவற்றைப் புரட்டினேன். கொக்கு, மான், தண்ணீர்த் தொட்டி, பனியில் புதைந்த என் சொந்த லாரி. மனித முகம் ஒன்றுகூட இல்லை. டெனிஸ் பயந்ததில் தப்பே இல்லை.

செப்டம்பர் 14, சனி

ஆற்றுப் பாலத்தடியில் எடுத்தோம். மாரெனைக் கர்ட் கூட்டி வந்தார். டெனிஸின் இப்போதைய கணவர், குழாய் வேலை செய்பவர். நான்கு உடைகளையும் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அவர்தான் இறங்கினார். வந்தவர் சும்மா நிற்கவில்லை, வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளை அட்டையைப் பிடிக்கிறேன் என்றார். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன். அதைத் தலைக்கு மேல் தாம்பாளம் மாதிரி ஏந்தி ஏதோ கோணங்கித்தனம் செய்ய, மாரென் விழுந்து விழுந்து சிரித்தாள். விடவில்லை, சுட்டுத் தள்ளினேன். மொத்தம் முன்னூற்றுப் பன்னிரண்டு படம்.

சாதித்துவிட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

செப்டம்பர் 17, செவ்வாய்

எங்கள் புகைப்படச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன். மாதம் இரண்டு முறை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆறேழு பேர் கூடுவோம், ஒருவர் எடுத்ததை மற்றவர் கிழிப்போம். பத்துப் படம் காட்டினேன். தெரிந்தவர் வீட்டுப் பெண் என்று சொல்லி வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

பெண்ணின் தலையிலிருந்து பாலத்துக் கம்பம் முளைக்கிறது என்றார் மெர்ல். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஃபிலிஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மூன்றாவது படத்தை மறுபடி போடச் சொன்னாள்.

"சிரிப்பு அசல் சிரிப்புதான், சந்தேகமே இல்ல. ஆனா இவ உங்களைப் பார்க்கலையே லைல். உங்க இடது தோளுக்குப் பின்னாடி யாரையோ பார்க்கறா. யாரு நின்னது அங்க?"

வெளிச்சம் பிடித்தவர் என்றேன்.

"அப்ப அந்த ஆளை கேமராவை ஒட்டி நிறுத்துங்க. உங்களைப் பார்க்கற படத்துல எல்லாம் பாவம், எங்க ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கா. தினம் பார்க்கற முகம், எனக்குத் தெரியாதா."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மீதிப் பேரின் படங்களுக்கு உட்காரவில்லை.

செப்டம்பர் 18

எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். நாற்பத்தொரு படத்தில் சிரிக்கிறாள். நாற்பத்தொன்றிலும் கர்ட்டைப் பார்த்துத்தான்.

செப்டம்பர் 20, வெள்ளி

அந்த ஆளை யார் வரச் சொன்னது? அட்டையைப் பிடிச்சமா, போனமான்னு இல்லாம கோமாளித்தனம் வேற. இனிமே அவன் வரக்கூடாது. என் பொண்ணு, என் கேமரா.

என் பொண்ணுதான். அவளுக்கு ஆறு வயதில் வட டக்கோட்டாவுக்கு எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது அவளுக்குப் பதிமூன்று. சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டது, கை முறிஞ்சது, கணக்குல ஃபெயிலாகி அழுதது – எதுக்கும் நான் இல்லை. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து போன மனுஷனைப் பார்த்துச் சிரிக்கணும்னா எப்படிச் சிரிப்பா?

ஃபிலிஸ் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவள் எலும்பைப் பார்த்துச் சொல்கிறவள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கர்ட் இல்லாமல் முயன்றேன். நானே போய் அவளைக் கூட்டி வந்தேன். வண்டியில் ஏறியதும், "கர்ட் வரலையா?" என்றாள். அவருக்கு வேலை என்று ஒரு பொய் சொன்னேன். பாலத்தடியில் ஒரு மணி நேரம். சிரி என்றால் பல்லைக் காட்டினாள், திரும்பு என்றால் திரும்பினாள். சொன்னதையெல்லாம் செய்தாள். அறுபது படத்தில் ஒன்றும் தேறாது.

கிளம்பும்போது, "சரியா வரலைன்னாலும் பரவாயில்லப்பா, ஸ்டுடியோ இருக்கு" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஸ்டுடியோ தேதிக்கு இன்னும் பத்து நாள்தான். அறுவடை மும்முரம். எடை மேடையில் காலையிலிருந்து லாரி வரிசை. சாப்பாட்டு நேரத்தில் கர்ட்டுக்குப் போன் செய்தேன். ஃபிலிஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். நாற்பத்தொன்று என்ற கணக்கையும் சொன்னேன். 

"லைல், நான் வேணும்னு பண்ணலை."

"தெரியும். அதுக்குத் திட்டறதுக்குக் கூப்பிடல."

"சரி. நான் எங்க நிக்கணும்?"

வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன்.

அக்டோபர் 5, சனி

இரண்டு மணி நேரம் விடுப்பு கேட்டுப் போனேன். கர்ட்டை என் இடது தோளை ஒட்டி நிறுத்தினேன். அவர் மோவாய் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. மூச்சில் காபி வாசம். அவர் என்ன முகம் காட்டினார் என்று எனக்குத் தெரியாது, நான் மாரெனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரித்தாள். அவள் இப்படியும் இருப்பாள் என்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. இருபது படத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்டோபர் 9

டெனிஸ் ஸ்டுடியோவை ரத்து செய்துவிட்டாளாம். கர்ட் சொன்னார்.

அக்டோபர் 15, செவ்வாய்

சங்கத்தில் ஒரே ஒரு படம் காட்டினேன். ஃபிலிஸ் எழுந்து திரைக்கு அருகே போய் நின்று பார்த்தாள். கண் இப்போது சரியாக இருக்கிறது என்றாள். யார் வீட்டுப் பெண் என்று மெர்ல் கேட்டார். என் பெண் என்றேன். ஃபிலிஸ் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு போய் உட்கார்ந்துகொண்டாள்.

மே 18, ஞாயிறு

மாரென் பள்ளி முடித்ததற்கு டெனிஸ் வீட்டில் விருந்து. பன்றி இறைச்சி ரொட்டி, உருளைக்கிழங்கு, கேக். கார் ஷெட் வாசலில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். ஊரே அதன்முன் நின்று போனது. பள்ளிப் பேருந்து ஓட்டும் லொரெய்ன் வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்தது அப்பான்னு சொல்லவே வேணாம் லைல். பொண்ணு கண்ணுலயே தெரியுது."

பக்கத்தில் கர்ட் தட்டோடு நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரை திறந்திருக்கமாட்டார். அது எனக்குத் தெரிந்ததால்தான் சொன்னேனோ என்னவோ.

"இல்ல லொரெய்ன். என் பின்னாடி கர்ட் நின்னாரு. அவரைப் பார்த்துத்தான் சிரிக்கறா."

லொரெய்ன் என் முழங்கையை விட்டாள். கேக் எடுத்துக்கொள்ளப் போய்விட்டாள். திரும்பினால், மாரென் எலுமிச்சைச் சாறு ஜாடியோடு நிற்கிறாள். கேட்டிருக்கிறாள். ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நல்ல நாளில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 16, சனி

கர்ட்டுக்கு இடுப்புப் பிடிப்பு, டெனிஸால் அவரை விட்டு வர முடியாது. மாரெனைக் கல்லூரி விடுதியில் விட நான் போனேன். நான்கு மணி நேரப் பயணம். முதல் ஒரு மணி நேரம் வானொலி மட்டும் பேசியது. பிறகு அவள் அதை அணைத்தாள்.

"அன்னைக்கு லொரெய்ன்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?"

உண்மை அதானே என்றேன்.

ஒரு ஊரைத் தாண்டினோம். அப்புறம் சொன்னாள்: "கர்ட் முகம் எனக்குத் தெரிஞ்சுதுப்பா. உங்க முகத்தைக் கேமரா மறைச்சிருந்துச்சு. நீங்க சிரிக்கறீங்களா, கோவமா இருக்கீங்களா, எனக்கு ஒண்ணுமே தெரியல."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிலிஸுக்கும் தோன்றவில்லை. பயமாக இருந்தது என்றேன். எப்போது என்று கேட்டாள். எப்பவுமே என்றேன்.

அதன்பின் அவள்தான் பேசினாள். அறையைப் பங்கு போடப்போகும் பெண்ணை நினைத்தால் பயம், வேதியியல் பாடம் வருமா என்று பயம், வீட்டை விட்டு ஒரு வாரம்கூட இருந்ததில்லை என்ற பயம். நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாலத்து வேலைக்காகச் சுற்றுவழியில் திருப்பிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கூடுதலாக ஆனது. அந்த நாற்பது நிமிடமும் பேசிக்கொண்டே வந்தாள்.