கூரைக் காசில் வாங்கிய பத்தாயிரம் பங்குகள்

உ
பாப்பாமோட்டை,
28.08.2011

அன்புள்ள பெறாமகள் கீர்த்திகா அறிவது,

கேதீஸ்வரநாதர் காவலில் நானும் சித்தியும் இங்கே சுகம், நீயும் மருமகனும் அந்த டென்மார்க் குளிரில் நெஞ்சுச்சளி இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் கும்பிடுகிறேன். தினமும் என்பதை வெள்ளிக்கிழமைகளில் என்று வாசி, இந்தக் கடிதத்தில் ஒரு புளுகும் இருக்கக் கூடாதென்று சித்தி பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிறா. காசு அனுப்ப வேண்டாம் என்று அவ நேற்று உனக்கு டெலிபோனில் சொன்னது சரிதான். ஏன் என்று நீங்களே எழுதுங்கோ, டெலிபோனில விட்டால் கதையை வளைச்சுப் போடுவியள் என்று பேனையை என் கையில் தந்துவிட்டா.

நீலக்கரை உப்புக் கம்பெனியின் பங்கு பதினொரு ரூபாய்க்குப் போகிறது, ஆனால் இருபத்திரண்டு பெறும், கொழும்பில் கழுத்துப்பட்டி கட்டினவனுக்குத் தெரியாதது எட்டாம் வகுப்புப் பாலசிங்கத்துக்குத் தெரியும் என்று வைகாசியில் உனக்கு எழுதினேன். புரோக்கர் கந்தோரில் என்னைக் கண்டு பெரியவர் எழுந்து நின்றார் என்றும் எழுதினேன், அவர் எழுந்தது மின்விசிறியைப் போட. நீ அதை நம்பி, லாபம் எவ்வளவு சித்தப்பா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருமுன்னமே உன் சேமிப்பு முழுவதையும் அனுப்புகிறேன், எனக்கும் வாங்குங்கோ என்றாய். முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்த்துச் சேர்த்த காசு.

நான் கணக்குப் பார்த்த விதத்தைச் சொல்கிறேன் கேள். கம்பெனிக்கு மொத்தம் ஒரு கோடி பங்கு, பதினொரு ரூபாய்ப்படி முழுக் கம்பெனியின் விலை பதினொரு கோடி. எங்கள் பழைய தபாலதிபர் யாகப்பர் ஆண்டறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். அறுபது ஏக்கர் காணி இருக்கிறது, தொண்ணூற்றிரண்டில் வாங்கிய விலைக்கே, சில லட்சமாக, எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் இருபது ஏக்கர் உவர் நிலம், நாய் கூடப் படுக்காது. மற்ற நாற்பதும் எருக்கலம்பிட்டிப் பக்கம் கடலோரத் தென்னந்தோட்டம். சண்டை முடிந்த பிறகு ஹோட்டல்காரர் வந்து ஏக்கருக்கு அறுபது லட்சம் கேட்கிறார்கள். நாற்பதால் பெருக்கினால் இருபத்துநாலு கோடி, கடன் இரண்டு கோடியைக் கழி, மிச்சத்தைப் பங்கு வைத்தால் இருபத்திரண்டு ரூபாய். லாபத்தை நான் உனக்கு எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. ஒரு பங்குக்கு வருசம் முப்பது சதம்தான். போட்ட பதினொரு ரூபாயை அதில் எடுக்க முப்பத்தேழு வருசம் உயிரோடு இருக்க வேண்டும். ஆக, எல்லாமே அந்தக் காணியில்தான் நின்றது. பால் வத்தின மாட்டை, அது நிக்கிற புல்லைப் பார்த்து விலை பேசியிருக்கிறியள், புல்லு ஆரின்ரை எண்டு கேட்டனீங்களோ என்று சித்தி ஒரு நாள் கேட்டா. நான் கேட்கத் தேவை இருக்கவில்லை பிள்ளை, அது எனக்குத் தெரியும்.

காணியைக் காணாமல் பங்கு வாங்குகிறவன் மடையன் என்று வீம்பு பேசிக்கொண்டு வாங்குமுன் பார்க்கப் போனேன். தென்னைகளை எண்ணிக்கொண்டு போனவன் நூற்றுப் பதினேழில் ஒரு கிணற்றடியில் நின்றுவிட்டேன். எண்பத்துநாலில் அந்தக் கிணற்றுக் கட்டைச் சரிபுதீன் நானாவும் நானும் கட்டினோம், ஈரச் சீமெந்தில் என் பெயரை ஈர்க்கால் நான்தான் கீறினேன். அது நானாவும் அவருடைய சகோதரங்களும் வைத்த தோட்டம். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது கட்டின துணியோடு போனவர், புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் மௌத்தானார், ஒரு முழம் காணியும் விற்கவில்லை. பிறகு காணிக்கு உரிமையில்லாத யாரோ ஒருவன் கம்பெனிக்குக் கடதாசி எழுதி விற்றிருக்கிறான். இதெல்லாம் அந்தக் கிணற்றடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியும் நான் செய்தது என்ன தெரியுமோ, அந்தக் கிணற்றிலேயே தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, நாற்பதை அறுபதால் பெருக்கினேன். அடுத்த கிழமை, நீ கூரை ஓட்டுக்கு அனுப்பின ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் பத்தாயிரம் பங்கு வாங்கினேன். சிவப்பு ஓடு அரிப்பு ஊர்வரைக்கும் தெரியுது என்று உனக்கு எழுதினேனே, இப்போதும் தலைக்கு மேலே இருப்பது மீள்குடியேற்றத்துக்குத் தந்த தகரம்தான்.

நானாவின் மகன் சனூன் இந்த நோன்பு மாதத்தில், நடு வெயிலில், மோட்டார் சைக்கிளில் வந்தான். பாலண்ணை, காணி உறுதிப் பத்திரமெல்லாம் அந்த ஓட்டத்துல துலைஞ்சு போச்சு, காணி விசாரணை வருது, வாப்பாவோட கிணறு கட்டினதை மட்டும் வந்து சொல்லித் தாங்க, வேறொண்டும் வேணாம் என்றான். ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்க முடியாதவன் முன்னால் இருந்துகொண்டு, எனக்குக் கால் ஏலாது தம்பி, பழசொண்டும் ஞாபகத்திலும் இல்லை என்றேன். அவன் முகம் கோணவில்லை. நோன்பு திறக்கக்குள்ள உங்களுக்கும் துஆ கேக்குறன் என்று சொல்லிப் போனான், மறுநாள் பெண்சாதி முஸ்பிராவிடம் ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்து விட்டான். நல்ல காலுக்கு அதைப் பூசிக்கொண்டு எட்டு நாள் நொண்டினேன். மற்றக் காலையெல்லோ நேற்று நொண்டினீங்கள் என்று சித்தி கேட்டபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலில் வித்துப்போட்டுப் பிறகு சாட்சி சொல்லும் ஐசே, அப்ப பிள்ளையின்ரை காசும் தப்பும் என்று யாகப்பர் புத்தி சொன்னார். விலை அப்போது பதின்மூன்று. புரோக்கருக்கு டெலிபோன் எடுத்தேன். ஏறிக்கொண்டு போகேக்கை ஏன் ஐயா விக்கிறீங்கள், ஏதும் தெரியுமோ என்று அந்தப் பொடியன் கேட்டான். நான் விற்றால் வாங்குகிறவன் யார், உன்னைப்போல எங்கேயோ உடுப்புத் தோய்க்கிற ஒரு பிள்ளையாக இருக்கலாம். டெலிபோனை வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை விசாரணைக்குப் போய்க் கிணற்றைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கம்பெனிக்காக வாதாட வந்த அப்புக்காத்து எழும்பி, சரிபுதீன் குடும்பம் உமக்கு எவ்வளவு தந்தது என்று கேட்டார். அவையள் ஒண்டும் தரேல்லை, உங்கடை கம்பெனியிலைதான் எனக்குப் பத்தாயிரம் பங்கு இருக்கு என்றேன். எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகூடப் பேனையை நிறுத்திவிட்டாள். சனூன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். நான் எண்ணெய் பூசின எட்டு நாளும் அவனுக்கு அப்போது விளங்கியிருக்கும். வெளியே வந்து சலாம் சொன்னான், மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முடிவு வர மாதக்கணக்காகும் என்கிறார்கள், ஆனால் கதை கொழும்புக்குப் போய்விட்டது, வெள்ளிக்கிழமை பின்னேரம் பங்கு ஆறு ரூபாய். காணி இல்லாவிட்டால் அது மூன்றுகூடப் பெறாது என்பதுதான் என் சரியான கணக்கு, இதில் சோடனை இல்லை.

பத்தாயிரமும் உன்னுடையது, அதனால் விற்பதோ வைத்திருப்பதோ நீதான் சொல்ல வேண்டும். விற்கச் சொன்னால் விற்பேன், ஏன் என்று யார் கேட்டாலும் காரணத்தைச் சொல்லித்தான் விற்பேன், அதற்குப் பிறகு எவன் எவ்வளவு தருகிறானோ அதுதான் அதன் விலை. என்னை ஏச வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை எடு, சித்தியிடம் கொடுக்காமல் நானே கேட்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, மருமகனுக்கும் எங்கள் அன்பைச் சொல். உன் கைக்காசு இனி உன் கையிலேயே தங்கிப் பெருக ஆண்டவன் அருள்வான்.

இப்படிக்கு,
உன் காசுக்கும் உனக்கும் கடமைப்பட்ட சித்தப்பா
சி. பாலசிங்கம்

(வாசித்தேன், எல்லாம் உண்மை. சித்தி சிவலட்சுமி.)