கிளுவந்தடியைத் தேட வேண்டாம்

இஞ்சேருங்கோ,

விசுவமடுவுக்குக் கச்சான் கடலை பிடுங்கப் போகிறேன். பின்னேரம்தான் வருவேன். சோறும் பருப்பும் குசினியில் மூடி வைத்திருக்கிறேன். மோட்டர் திருத்துகிறவர் வந்தால், சாவி சீனிப் போத்தலுக்குப் பின்னால் இருக்கிறது.

நேற்று நீங்கள் முறித்த கிளுவந்தடியைத் தேட வேண்டாம். வேலியில் மாடு பூருகிற பொட்டை அடைக்க அங்கே நட்டுவிட்டேன். பச்சைத் தடி, துளிர்க்கும்.

கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன என்னிடம் சாருகா, "எட்டாம் வகுப்போட நிண்டனீங்கள், உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். அதுவும் உங்கள் அக்காவுக்கு முன்னால். "ஓம் பிள்ளை, எட்டுத்தான்" என்றேன். "ரெண்டு போடாமல் ஓம் எண்டு கொண்டிருக்கிறியே?" என்று அக்கா கேட்டார். உடனே நீங்கள் தடி முறிக்கப் போய்விட்டீர்கள்.

எட்டோடு நின்றது உண்மை. இடம்பெயர்ந்து ஓடிய வருஷம் ஒன்பதாம் வகுப்பு எங்கே இருந்தது? உண்மையைச் சொன்னதற்காக என் பிள்ளை அடி வாங்க விடமாட்டேன். சொன்ன விதம்தான் பிழை. அதற்கு இந்தக் கிழமை முழுக்கத் தன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அவளே தோய்க்கட்டும். இன்றைக்கும் நான் அவளுக்குப் பக்கத்தில் கணக்கோடு இருப்பேன். நான் கத்தவில்லை என்பதால் எனக்கு நோகவில்லை என்று நினைக்க வேண்டாம். அக்காவிடமும் சொல்லுங்கள்.

பொரித்த முட்டை சாருகாவுக்கு. நீங்கள் தொட வேண்டாம்.

சாருகா பிள்ளை, நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் மடிக்காமல் வைத்தேன். பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது. நேற்று நான் சொன்னதுதான் சரி.