முப்பத்தோராம் இலக்க மாதிரி

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுகூடத்தில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். பழுப்புநிற உறைக்குள் இருந்த சம்மதப் படிவமொன்றின் அடியில், முதலெழுத்துக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்து, கடைசி எழுத்தை வாலாக இழுத்து நீ போடும் அதே கையெழுத்து. மேலே தாதி எழுதிய இலக்கம் முப்பத்தொன்று. நின்றுகொண்டு படித்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. ஆய்வு முடிந்ததால்தான் அந்த உறையைத் திறந்தோம். எந்த இலக்கம் யாருடையது என்பது அதுவரை நமக்கும் தெரியாது, யப்பானில் இருந்து நம்மோடு ஆய்வு செய்தவர்களுக்கும் தெரியாது. விதி அப்படி.

யப்பான்காரர் செய்த அந்தச் சோதனைத் தாள் முதலில் மனிதருக்கானது இல்லை. அச்சுவேலித் தோட்டங்களில் வெங்காயத்துக்கு வரும் நோயை, இலை முறுகுமுன்பே கண்டுபிடிக்கப் பூச்சுப் பூசி அனுப்பியிருந்தார்கள். நீயும் நானும் வரம்பில் குந்தியிருந்து இலைச்சாற்றைத் துளித்துளியாக விட்டோம். நோய் இருந்தால் சிவப்புக் கோடு விழும். விழாத செடிகளை விதைக்கென்று பிரித்து வைத்தோம். அது சரிவந்த பிறகுதான், பூச்சை மாற்றினால் பெண்களின் சூலகப் புற்றுநோயை ஒரு துளி இரத்தத்தில் பார்க்கலாமோ என்று அவர்கள் கேட்டார்கள்.

நோயாளிகளின் மாதிரிகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தன. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத பெண்கள்தான் போதவில்லை. அப்போது நீ ஒருவருக்கும் சொல்லாமல், உனக்குத் தெரிந்த தாதியிடம் போய்க் கையை நீட்டியிருக்கிறாய். ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள் மாதிரி கொடுக்கக்கூடாது என்பதால் என்னிடமும் மறைத்துவிட்டாய். இதை அந்தத் தாதியே செவ்வாயன்று தொலைபேசியில் அழுதழுது சொன்னார். இலக்கத்தை அவர் உனக்குச் சொல்லவில்லையாம்.

நோயற்றவர்களின் வரிசையில் முப்பத்தொன்றில் மட்டும் கோடு விழுந்த பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ அந்தத் தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய்.

"உது பேப்பரின்ரை பிழையடி. ஆளிலை ஒண்டும் இருக்காது."

கடற்காற்றின் ஈரம் பூச்சைக் கெடுக்கிறது என்பது உன் எண்ணம். வாரந்தோறும் கணினித் திரையில் நம்மோடு கதைக்கும் யப்பான் ஆய்வாளரும் அதை ஒத்துக்கொண்டார். அந்த ஒரு கோட்டைப் போக்கத்தான் மூன்று மாதம் மினக்கெட்டாய். ஈரத்தை அளந்தாய், பொதி செய்யும் விதத்தை மாற்றினாய், எந்தப் பூச்சு எத்தனை நாள் தாங்குகிறது என்று அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதினாய். புதுப் பூச்சோடு தாள் வந்தது. மற்றதெல்லாம் முன்னைவிடத் துலக்கமாக இருந்தது. முப்பத்தொன்று மறுபடியும் சிவப்பு. 'விலக்கப்பட்டது' என்று எழுதி இடைக்கால அறிக்கையை அனுப்பினோம்.

அடுத்த வருடம் வயிறு ஊதின மாதிரி இருக்கிறது என்றாய். சாப்பாட்டில் உறைப்பைக் குறை என்றேன். கொழும்பில் கண்டுபிடித்தபோது எல்லா இடமும் பரவியிருந்தது. பார்க்க வந்த என்னிடம், "நாங்கள் தேடினது தானாய் என்னட்டை வந்திட்டுதடி" என்று சிரித்தாய். அது எப்போதோ வந்துவிட்டதை நாம் இருவரும் ஏற்கனவே கண்ணால் பார்த்திருந்தோம் என்பது அன்று எனக்குத் தெரியாது.

புதன்கிழமை யப்பான் ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, நோயற்றவரென்று வந்தவருக்கு இரண்டு முறை கோடு விழுந்தால், ஆய்வில் சேராத ஒரு வைத்தியர் உறையைத் திறந்து ஆளைக் கூப்பிடவேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

உன் வீட்டாருக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார் எங்கள் துறைத் தலைவர். நேற்றுக் குருநகருக்குப் போனேன். உன் அண்ணை வள்ளத்து என்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"அப்ப முந்தியே தெரிஞ்சிருக்கலாமோ?"

"ஓம் அண்ணை."

"எவ்வளவு முந்தி?"

"ஒண்டரை வருசம்."

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்தார். "இனி வாற பொம்பிளையளுக்காவது சொல்லுவியளோ?" என்று கேட்டார். சொல்லுவோம் என்றேன்.

ஆனால் ஒன்றை அவருக்குச் சொல்லவில்லை. உனக்கும் சொன்னதில்லை. இரண்டாம் முறை கோடு விழுந்த அன்று, "இன்னொருக்கால் பாப்பமடி" என்று நீ கேட்டாய். அறிக்கை அனுப்ப நேரமாகிவிட்டது என்று உன்னைக் கோயில் திருநாளுக்கு அனுப்பிவைத்தேன். நீ போன பிறகு, மனம் கேளாமல், தனியாக இன்னொரு தாளில் முப்பத்தொன்றின் துளியை விட்டேன். கோடு மூன்றாம் முறையும் விழுந்தது, கொஞ்சமும் மங்கலில்லாமல். அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் போட்டேன். அடுத்த நாள் உன்னிடம் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு இலக்கத்துக்காக எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க எனக்கு அலுப்பாக இருந்தது. வேறு காரணம் ஒன்றுமில்லை.

அந்தச் சிவப்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. முதலில் உனக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதினேன். நாளைக்குப் பின்னேரம் திரும்பக் குருநகருக்குப் போகிறேன். இதைக் கேட்ட பிறகு அண்ணை என்னோடு கதைப்பாரோ தெரியாது.