காலண்டருக்குப் பின்னால்

பாப்பா அப்பாவுக்கு,

போனில் சொல்லாமல் எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள்.

வில்லியனூரில் மழை விட்டுவிட்டது. பாப்பா இப்போது என்னோடு கூடத்தில்தான் படுக்கிறாள். அவள் அறைச் சுவரில் பெரிய காலண்டராகப் பார்த்து மாட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் காட்டித்தான் ஃப்ளாட்டை விற்க வேண்டும் என்றீர்கள். நேற்று ஒரு தம்பதி பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். குடியிருப்போர் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டைக் காட்டச் சொன்னாள். வாங்கும்போது நமக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

கூட வந்திருந்த சங்கச் செயலாளர் தேவநாதன் சிரித்தார். "அதுல இன்னாம்மா இருக்கு? பொங்கல் விழா, மோட்டார் ரிப்பேரு. அவ்ளோதான்."

தூண் தாங்காது, சுவர் விரிசல் விடும் என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்த தாள் அதில்தான் ஒட்டியிருக்கிறது. பத்திரம் பதிந்த பிறகு நாம் பார்த்தோமே, அதே தாள்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்க வார்த்தை போதும்."

நான் காபி கலக்கப் போனேன். பின்னாலேயே வந்து, "தொட்டில் கட்டக் கொக்கி இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

பாப்பா அறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். காலண்டருக்குப் பின்னால் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை அச்சாரம் கொடுக்க வருகிறார்கள். இந்தக் கடிதம் துபாய் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். போனில் சொல்லியிருந்தால் நீங்கள் தடுத்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா