பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்த ஷூ

1974, மாசி மாதம், வெள்ளிக்கிழமை

இன்று நாத்தனார் சாந்தியைப் பெண் பார்க்க அனுமந்தையிலிருந்து வந்தார்கள். பலகாரத்துக்கு ஷூ செய்தேன்; காலில் போடுவது இல்லை, உள்ளே கூடாக உப்பி வரும் பிரெஞ்சுக்காரர் பலகாரம். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்த என் அம்மா கற்றுக்கொடுத்தது. கொதிக்கும் வெண்ணெய்த் தண்ணீரில் மைதாவைக் கொட்டிக் கிளறி, ஆறியதும் முட்டைகளை ஒவ்வொன்றாக ஊற்றி மரக்கரண்டியால் அடிக்க வேண்டும். அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. உப்பளத்துக்கு லீவு சொல்லியிருந்த என் வீட்டுக்காரர்தான் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

மாவை உருண்டைகளாகத் தட்டில் வைத்து, அடுப்பில் மணல் பரப்பிய சட்டிக்குள் இறக்கி, மூடிமேல் தணல் போட்டேன். எல்லாமே பந்து போல உப்பி வந்தன.

மாப்பிள்ளையின் அம்மா ஒன்றைப் பிட்டுத் தின்றுவிட்டு, "யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"எங்க சாந்திதாங்க," என்றார் மாமியார். அவர் அப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாள் நம்பாமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"தங்கச்சி கைப்பக்குவம் அப்படிங்க. எங்க வீட்டுல வேற யாருக்கும் இது வராது," என்றார் இவர்.

நான் காபித் தட்டோடு அங்கேயே நின்றிருந்தேன்.

சம்பந்தம் முடிவாகிவிட்டது. அவர்கள் போனதும், "நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல காரியம் நடக்கட்டும்னு சொல்லிட்டேன். உனக்கு என்னா குறைஞ்சுபோச்சு?"

சாந்திதான் சமையலறைக்கு வந்து அழுதாள். "அண்ணி, அங்க போயி செய்யச் சொன்னா என்னா பண்ணுவேன்?"

நாளைக்குக் கற்றுத் தருகிறேன் என்றேன். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வேறு யாருக்கும் வராது என்று சொன்னபோது இவர் தலையைக் குனிந்திருந்தாலாவது தேவலை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.